மேலத்தெரு இயேசுவும் கீழத்தெரு இயேசுவும்

1

கிறிஸ்துவுக்குச் சுபாவம் ஒன்றா, இரண்டா என்று என்னிடம் கேட்டார்கள். ஞானோபதேசப் பரீட்சையில் அல்ல, கல்யாணப் பேச்சில். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், பழைய கார்ப்பெட் வாடை அடிக்கும் ஒரு கோயில் கூடத்தில், பேப்பர் கப்பில் ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். மண்டபம் எது, சாப்பாடு எத்தனை பேருக்கு, பெண்ணுக்குப் பட்டுச்சேலையா வெள்ளைக் கவுனா என்று பேசத்தான் போயிருந்தேன். பெண்ணைப் பெற்றவளுக்கு அதுவே தலைக்கு மேல் வேலை.

எதிரே இருந்தவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களின் சாமியார். நெஞ்சு வரை தாடி, கறுப்பு அங்கி, களையான முகம். அவரை அபூனா என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் அப்பா என்று அர்த்தமாம். பெண்ணின் விசுவாசத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். அவருடைய கொஞ்சத்தில் என் காப்பி ஆறி, என் மகளின் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்து, வெளியே பனி பெய்யத் தொடங்கிவிட்டது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"உங்கள் மகள் ஞானஸ்நானம் பெற்ற சபை, கிறிஸ்துவை இரண்டு சுபாவமாகப் பிரித்த சபை. அந்த ஞானஸ்நானத்தை நாங்கள் ஏற்பதில்லை. அவள் இங்கே புதிதாகப் பெற வேண்டும். நீங்கள் என்ன நம்புகிறீர்கள் அம்மா? ஒன்றா, இரண்டா?"

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அன்று காலையில் கிளம்புவதற்கு முன்புகூட ஊரார் ரத்தத்தைக் குழாயில் போட்டுச் சுழற்றிப் பிரித்துவிட்டு வந்தவள். பிரிக்கும் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று சிரிப்பு வந்தது. அதோடு கோபமும் வந்தது.

"எங்கள் ஊரில் இரண்டு" என்றேன். "ஒருத்தர் மேலத்தெரு, இன்னொருத்தர் கீழத்தெரு."

என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்துக்கொண்டார். என் மகள் செலின் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

2

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் அவனையும் நான் கரித்துக்கொட்டுவதாக நினைப்பீர்கள். பையன் தங்கம். என் ஆஸ்பத்திரியிலேயே மருந்தகத்தில் வேலை. அப்பா அம்மா எகிப்திலிருந்து வந்தவர்கள். பெயர் மினா. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது என் மதினி, "மீனாவா? மாப்பிள பேரைச் சொல்லுங்கன்னா பொண்ணு பேரச் சொல்றீக" என்று கேட்டு, அந்தச் சிரிப்பு திண்டுக்கல்லில் அடங்கப் பல நாள் ஆயிற்று. செலினுக்கு இருபத்தேழு வயது. அவளுடைய அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பேச வேண்டியது என் தலையில் விழுந்துவிட்டது.

மினாவின் சபை மிகப் பழையது. எங்கள் கத்தோலிக்கச் சபையும் அதுவும் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே வீடாகத்தான் இருந்தன. இன்றைக்குத் துருக்கியில் இருக்கிற கால்செதோன் என்ற ஊரில் ஆயர்கள் கூட்டம் போட்டார்கள். கடவுள் மனிதனாகப் பிறந்தாரே, அவருக்குள் தெய்வம் எவ்வளவு, மனிதன் எவ்வளவு, இரண்டும் எப்படி ஒட்டியிருக்கின்றன என்பதுதான் வழக்கு. தெய்வ சுபாவம் ஒன்று, மனித சுபாவம் ஒன்று, இரண்டும் ஒரே ஆளில் கலக்காமலும் மாறாமலும் பிரியாமலும் பிளவுபடாமலும் இருக்கின்றன என்று ஒரு கட்சி தீர்ப்பு எழுதியது. எப்படி இருக்கின்றன என்று கேட்டால் எப்படியெல்லாம் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? நான் லேபில் இப்படி ரிப்போர்ட் கொடுத்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

எகிப்துக்காரர்கள் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. நெருப்பில் பழுத்த இரும்பில் இரும்பு எது, நெருப்பு எது என்று பிரிக்க முடியுமா, சேர்ந்த பிறகு ஒரே சுபாவம்தான் என்றார்கள். அன்றைக்குப் பிரிந்தது பிரிந்ததுதான். அதற்குப் பிறகு நாடுகள் அழிந்தன, மொழிகள் அழிந்தன, இந்தச் சண்டை மட்டும் அழியவில்லை. விமானம் ஏறி, குடியேற்ற முத்திரை வாங்கி, கனடாவுக்கு வந்து, என் மகள் கல்யாணத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பங்குச் சாமியாரிடம் போய் நியாயம் கேட்டேன். இளைஞர், ஐரிஷ்காரர், ஞாயிறு பூசைக்கு ஓட்டப்பந்தயச் செருப்போடு வருகிறவர். "அதெல்லாம் தீர்ந்துவிட்ட விஷயம்" என்றார். இரண்டு சபைப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நாம் இருவரும் ஒன்றையேதான் நம்புகிறோம், தகராறெல்லாம் சொற்களில்தான் என்று ஒப்புக்கொண்டு விட்டார்களாம்.

"தீர்ந்துவிட்டதென்றால் என் மகளை எதற்கு மறுபடி முக்குகிறார்கள்?"

"அது அவர்களுடைய ஒழுங்கு" என்று தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலை நான் இந்த நாட்டில் எல்லா அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். வீட்டுவரி அலுவலகத்திலும் அதே தோள்தான்.

3

மேலத்தெரு, கீழத்தெரு என்றேனே, அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மல்லிகைத் தோட்டம், நடுவில் கோயில். மேலத்தெருவில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள். கீழத்தெருவில் அந்தத் தோப்பில் வேலை செய்த நாங்கள். எல்லாரும் ஒரே கோயில், ஒரே சாமி, ஒரே பூசை. கோயிலுக்குள் உட்காரும் இடம் மட்டும் வேறு. பீடத்துக்கு நேரே அவர்கள், பக்கவாட்டுச் சிறகில் நாங்கள். கிறிஸ்தவர்களுக்குள் சாதி இல்லை என்று வெளியூரில் சொல்லிக்கொள்வோம்.

ஈஸ்டருக்குப் பிறகு வரும் சனிக்கிழமை பாஸ்கா நடக்கும். இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவது. சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் பாயும் சோற்றுத்தூக்கும் கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். வேறு ஊர்களிலும் பாஸ்கா உண்டு. ஆனால் எங்கள் ஊரில் இயேசுவுக்கு இரண்டு ஆள்.

முதல் இயேசு மேலத்தெரு அருளானந்தம். அவர்தான் மலைப்பிரசங்கம் செய்வார், அப்பம் பெருக்குவார், கடல்மேல் நடப்பார். மலைமேல் அவர் உடம்பே ஒளியாக மாறுகிற மறுரூபக் காட்சியில் பெஞ்சுமேல் ஏறி நிற்க, பின்னாலிருந்து போகஸ் லைட் அடிப்பார்கள். திரையில் இருந்த தாபோர் மலையில் வாழைமரம் இருக்கும். எழுதிய பெயிண்டருக்குத் தெரிந்த ஒரே மலை வாழைக்குப் பேர்போன எங்கள் பக்கத்துச் சிறுமலை. கடைசி இராப்போஜனம் முடிந்து, ஒலிவத் தோப்பில் யூதாஸ் முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்ததும் திரை விழும். திரை ஏறும்போது கைகட்டி நிற்கிற இயேசு வேறு ஆள். அது கீழத்தெரு சவரிமுத்து, என் அண்ணன்.

சாட்டையடி, முள்முடி, துப்பல், சிலுவை, சாவு எல்லாம் என் அண்ணனுக்கு. அடிக்கிற சேவகர்கள் அத்தனை பேரும் மேலத்தெருப் பையன்கள். செத்து, இறக்கி, கல்லறையில் வைத்ததும் அண்ணன் பின்பக்கமாக எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். வெடிச்சத்தத்தோடும் புகையோடும் உயிர்த்து எழுவது மறுபடியும் அருளானந்தம், வெள்ளைப் பட்டு உடுத்தி, சீரியல் லைட்டோடு. மேலத்தெருக்காரரை மேடையிலேயேகூட அடிக்கக் கூடாது. கீழத்தெருக்காரன் மேடையிலேயேகூட மகிமைப்படக் கூடாது. அதற்காக ஊர் கண்டுபிடித்த ஏற்பாடு. இதில் ஏதாவது விசேஷம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, முதலில் எங்களுக்கே தோன்றவில்லை.

ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுப்பார், இயேசு ஒரே ஆள், சுபாவம்தான் இரண்டு என்று. நான் எழுந்து, "பாஸ்காவுல ரெண்டு ஆளுல்ல சிஸ்டர் வாராக?" என்று கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கினேன். அந்தக் காலத்து ஆயர் ஒருவர் கிறிஸ்துவை இரண்டு ஆளாக்கிவிட்டார் என்று குற்றம்சாட்டி நாடு கடத்தினார்களாம். இங்கே வந்த பிறகு படித்தேன். பாவம், விலாசம் தெரியாமல் போய்விட்டது அவருக்கு. எங்கள் ஊருக்கு வந்திருந்தால் மேலத்தெருவில் பந்தல் போட்டு வரவேற்றிருப்பார்கள்.

4

மறு ஞானஸ்நானத்தைப் பற்றிச் செலின் ஒன்றுமே அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதில்தான்.

"அம்மா, தண்ணிதானே? தினம் குளிக்கிறேன். இன்னொரு தடவை குளிச்சா என்ன?" என்றாள். அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வாடகைக்கு எடுத்ததுபோலப் பேசுவாள். "மினா அம்மாவுக்குச் சந்தோஷம். அந்த அபூனாவுக்குச் சந்தோஷம். எனக்கு ஈரத் தலை. அவ்ளோதான்."

மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்த பெண். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்கு வருவாள், அதுவும் நான் பிரியாணி செய்வேன் என்ற நம்பிக்கையில். கடவுள் உண்டா என்று கேட்டால், இருக்கலாம் என்பாள், மழை வருமா என்று கேட்டால் சொல்கிற குரலில். அவளிடம் போய் விசுவாசத்தைப் பற்றி நான் என்ன வாதாடுவது?

ஆனாலும் ஊருக்கு எழுதி, அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழை வரவழைத்தேன். அது ஒரு தனிக் கூத்து. பங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டால் எழுதி அனுப்பச் சொன்னார்கள், எழுதி அனுப்பினால் போன் போடச் சொன்னார்கள். கடைசியில் வந்த தாளில் செலின், செலினா ஆகியிருந்தாள். திருத்தி வாங்க இன்னொரு சுற்று. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுபோய் அபூனாவின் மேசைமேல் வைத்தேன். எடுத்து, மரியாதையாகப் படித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அழகான ஞாபகப் பொருள். வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஞாபகப் பொருள்! பேருந்து டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது முடிவு செய்துவிட்டேன். இந்தக் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், என் பெண்ணை இன்னொரு தண்ணீரில் இறக்கச் சம்மதிக்க மாட்டேன்.

வரட்டுப் பிடிவாதம் என்று நினைப்பீர்கள். மினாவின் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். எங்கள் வீட்டுக்கே வந்து, மணிக்கட்டில் பச்சைகுத்திய சிறு சிலுவையைத் தடவிக்கொண்டே அழுதாள். ஊரில் இந்தச் சிலுவைக்காக அவர்கள் பட்டதையெல்லாம் சொன்னாள். நல்ல பெண்மணி. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சம்மதம் கொடுக்கவில்லை.

5

அந்தத் தண்ணீரின் கதையை இனிச் சொல்ல வேண்டியதுதான்.

எங்கள் கோயிலில் வாசலை ஒட்டி ஒரு கல்தொட்டி உண்டு. வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் வைத்த ஞானஸ்நானத் தொட்டி, மேலே மரமூடி போட்டது. அதில் மேலத்தெருப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஞானஸ்நானம். எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கச் சிறகில் ஒரு ஸ்டூல் போட்டு, பித்தளை வட்டிலில் தண்ணீர் வைத்து ஊற்றுவார்கள். எனக்கும் என் அண்ணனுக்கும் வட்டில்தான்.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு லேபில் வேலை பார்த்தேன். என் கணவர் கனடாவுக்கு முன்னால் போய்விட்டார். செலின் பிறந்ததும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. பங்குச் சாமியாரைப் பார்க்க அண்ணனும் என்னோடு வந்தார்.

"புள்ளைக்குத் தொட்டியில ஊத்துங்க சாமி" என்றார் அண்ணன்.

சாமியார் நல்லவர், அதாவது சண்டை பிடிக்காதவர். "சவரிமுத்து, வட்டிலில் ஊற்றினாலும் தொட்டியில் ஊற்றினாலும் ஞானஸ்நானம் ஒன்றுதான். தண்ணீரில் என்ன வித்தியாசம்?" என்றார்.

"ஒண்ணுதேன்னா தொட்டியிலயே ஊத்தலாம்ல சாமி?"

சாமியார் ஜன்னலைப் பார்த்தார். அண்ணன், "தொட்டியில ஊத்தலன்னா இந்த வருசம் சிலுவைய நான் தூக்கல. வேற ஆளு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வேறு ஆள் யார் வருவார்கள்? கீழத்தெருவில் யாரும் வரவில்லை. மேலத்தெருவில் யாரும் அடி வாங்கத் தயாரில்லை. சுற்றுப்பட்டெல்லாம் நோட்டீஸ் போயாயிற்று, மைக்செட்டுக்கு அச்சாரம் கொடுத்தாயிற்று. மகிமைப்படுகிற இயேசு மட்டும் இருக்கிறார், பாடுபடுகிற இயேசு இல்லை. பாடுபட ஆளில்லாவிட்டால் உயிர்த்தெழவும் முடியாது என்பது அருளானந்தத்துக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஈஸ்டர் காலையில் தொட்டியின் மூடியைத் திறந்து, என் பிள்ளைக்கு அதில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கீழத்தெருவிலிருந்து அந்தத் தொட்டிக்குப் போன முதல் பிள்ளை செலின். மேலத்தெருவிலிருந்து அன்று பூசைக்கு ஒருவரும் வரவில்லை.

பாஸ்கா நாள் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. "அண்ணே, போகாதீக. காரியம் முடிஞ்சிருச்சுல்ல" என்றேன்.

"நான் போகலன்னா, வாக்கு மாறிட்டான், தொட்டியில ஊத்துனதும் செல்லாதும்பாய்ங்க" என்றார். போனார்.

ஆலயச் சேவகன் இயேசுவின் கன்னத்தில் அறைகிற ஒரு கட்டம் உண்டு. எல்லா வருஷமும் கையை ஓங்குவார்கள், பின்னாலிருந்து ஒருவர் பலகையைத் தட்டிச் சத்தம் கொடுப்பார். அந்த வருஷம் பலகை தேவைப்படவில்லை. அறை காதோடு சேர்ந்து விழுந்தது. அண்ணன் ஆடிப்போய் நின்று, நாடக வசனத்தைச் சொன்னார்: "என்மேல் குற்றமிருந்தால் சொல், இல்லையென்றால் என்னை ஏன் அறைகிறாய்?" இரண்டாவது அறை அதே இடத்தில் விழுந்தது. அது நாடகத்தில் இல்லாதது. அண்ணன் தன் சொந்தக் குரலில், "ஏண்டா அடிக்கிற?" என்று கேட்டார். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

ஜனம் சிரித்தது. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்தது. பிறகு சாட்டையடி தொடங்கியதும் அதே ஜனம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. இத்தனை வருஷத்தில் சவரிமுத்து இப்படித் தத்ரூபமாகப் பாடுபட்டதே இல்லை என்று கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் மட்டும் கத்தினேன். பக்தியில் கத்துகிறேன் என்று பக்கத்திலிருந்தவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அண்ணனுக்கு இடது காது போனது போனதுதான். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். நாடகத்தில் என்றார். அதற்கப்புறம் மேடை ஏறவில்லை. ஊரையும் விட்டுவிட்டுத் திண்டுக்கல் நாகல் நகரில் வாடகைக்கு வீடு பிடித்து, பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "புள்ளைக்கு இதச் சொல்லாத. பச்சப்புள்ள மேல பாரத்த ஏத்தாத" என்று என்னிடம் சொல்லிவிட்டார். நானும் சொல்லவில்லை.

சுபாவம் ஒன்றா, இரண்டாவாம். கலக்காமல், பிரியாமலாம். எந்த ஆயர் சங்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள் இந்த அறையைப் பற்றி?

6

மினாவின் அம்மா அழுதுவிட்டுப் போன அன்று மாலை, சமையலறையில் செலின் என்னிடம் எகிறினாள். நான் என்ன பண்டைக்காலத்து மனுஷியா, வெறும் தண்ணீருக்காக அவள் வாழ்க்கையைக் கெடுக்கிறேனா என்று கேட்டாள். வெறும் தண்ணீர் என்று அவள் இன்னொரு முறை சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வட்டில், தொட்டி, சிலுவை, அறை. பாதியில் அவள் ஸ்டவ்வை அணைத்தாள்.

நான் முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காது?"

"இடது."

"ஊருக்குப் போறப்ப, நான் பேசும்போதெல்லாம் மாமா தலையைத் திருப்பிக்குவார். என் தமிழ் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். அழும்போது மட்டும் அவள் எங்கள் ஊர்ப் பெண்ணாகவே இருக்கிறாள்.

மறுநாள் மினாவிடம் அவளே பேசிவிட்டாள். மறு ஞானஸ்நானம் கிடையாது, கல்யாணம் நகரசபையில் பதிவு செய்வது, கோயிலே வேண்டாம். மினா சரி என்றான். அவன் எதற்கும் சரி என்கிற பிள்ளை. அவனுடைய அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஆயிரத்து ஐந்நூறு வருஷச் சண்டையில் என் கட்சி ஜெயித்துவிட்டது. ஒரு நாள் முழுக்க எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டு வெற்றிச் செய்தியைச் சொன்னேன்.

"அண்ணே, கேக்குதா?"

"எதுக்குத்தா புள்ளகிட்ட சொன்ன?" என்றார். கோபக் குரல் இல்லை, அலுத்த குரல். "சரி, சொல்லிட்ட. நான் ஒண்ணு கேக்கேன். அவுக கோயில்ல எத்தன தொட்டி?"

"ஒண்ணுதான் இருக்கும்ணே."

"இருக்கும்ங்காத. பாத்தியா?"

"பாக்கல."

"எல்லாருக்கும் அது ஒண்ணுதேனா, இல்ல வட்டிலு கிட்டிலு எதும் ஒளிச்சு வச்சிருக்காகளா? போயி கேட்டுட்டு வா. கேட்டுட்டுச் சொல்லு."

7

போனேன். அபூனா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாதத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், மேசையில் இருந்த தடித் தடிப் புத்தகங்களை நகர்த்தி இடம் செய்தார்.

"உங்கள் கோயிலில் எத்தனை ஞானஸ்நானத் தொட்டி?" என்றேன்.

"ஒன்று."

"எல்லாருக்கும்?"

அவருக்குப் புரியவில்லை. "குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதுதான்" என்றார். நான் தலையாட்டினேன், அது இல்லை. "ஆண், பெண் எல்லாருக்கும்." அதுவும் இல்லை. "நோயாளிகளைப் பற்றிக் கேட்கிறீர்களா?" அதுவும் இல்லை. கிறிஸ்துவின் சுபாவத்தை நூல் நூலாகப் பிரித்துப் பேசிய மனிதர், என் கேள்வியின் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழித்தார்.

"இன்னொரு தொட்டி இருந்தால், அது யாருக்காக இருக்கும்?" என்று அவரே என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். வட்டிலில் தொடங்கி என் அண்ணனின் காது வரைக்கும். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், ஒழுங்கை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை அம்மா, ஆனால் வாருங்கள் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினார். பெரிய தொட்டி, ஆள் இறங்கி நிற்கலாம். முந்தின நாள் யாருக்கோ நடந்திருக்கிறது, சுற்றிலும் தரை இன்னும் ஈரமாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிற சூடான்காரப் பெண்ணின் குழந்தைக்கு, அதற்கப்புறம் ஒரு டாக்டரின் பேரனுக்கு என்றார். தண்ணீரை நடுவில் மாற்றினீர்களா என்று கேட்க வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் ஒன்று, தொட்டி இரண்டு என்றார்கள். இங்கே தொட்டி ஒன்று, தண்ணீர் இரண்டு என்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஏதாவது ஒன்றை இரண்டாக்காமல் தூக்கம் வருவதில்லை. இதை அபூனாவிடமே சொன்னேன். முதன்முறையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். செலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுதான்ணே. எல்லாருக்கும். இன்னொண்ணு எதுக்குன்னு அவருக்கு விளங்கவே இல்ல."

"விளங்கலயா?" அண்ணன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் சந்தோஷப்பட்டுப் பல வருஷம் இருக்கும். "நெசமாவே விளங்கலயாத்தா? அப்ப புள்ள தாராளமா எறங்கட்டும்."

"அண்ணே, நீங்க அம்புட்டு அடி வாங்கிக் குடுத்த ஞானஸ்நானத்தச் செல்லாதுங்கிறாங்க!"

"அட கூறுகெட்டவளே, நான் அடி வாங்குனது தண்ணிக்கா? தொட்டிக்குத்தா. அவ எந்த ஊர்ல எந்தத் தொட்டியில எறங்குனாலும், யாரும் நீ ஏன் எறங்குறன்னு கேக்கலன்னா அது நான் வாங்குனதுதேன்."

செலின் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மாமா, நீங்க வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் எறங்குவேன்."



"வாரேன் தாயி" என்றார் அண்ணன். "என்னைய வலப்பக்கமா நிக்கச் சொல்லாத, இடப்பக்கமா நிக்கச் சொல்லு. அப்பத்தேன் ஒம் பக்கம் இந்த நல்ல காது இருக்கும். நீ சொல்றது அம்புட்டும் கேக்கும்."